பத்துக் கோட்டை நெல்

எங்கள் ஆச்சிக்குப் பழம்பெருமை பேசுவதென்றால் வெற்றிலை போடுவது மாதிரி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடுவாள். "அந்தக் காலத்துல நம்ம வீட்டு முத்தத்துல பத்துக் கோட்டை நெல்லு வந்து இறங்கும், தெரியுமால?"

எனக்கு அப்போது ஏழு வயதோ எட்டு வயதோ. கோட்டை என்றால் நாள்காட்டிப் படத்தில் பார்த்த செஞ்சிக் கோட்டைதான் தெரியும். மலை உச்சியில், மதிலோடு. அதன் வாய்வரை நெல்லைக் கொட்டி நிரப்பினால் எப்படி இருக்கும்? அப்படிப் பத்து! இவ்வளவு வைத்திருந்த குடும்பம் எப்படி இந்த ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று யோசித்து, நாங்கள் ஏதோ போரில் தோற்ற ராஜவம்சம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வகுப்பில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். அதற்கப்புறம் பள்ளியில் எனக்கு என்ன பெயர் விழுந்திருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் ஆச்சி சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு வெளியே வந்துவிட்டது. "கூறுகெட்டவனே, கோட்டைன்னா இருபத்தோரு மரக்கால்ல!"

திருநெல்வேலிச் சீமையில் கோட்டை ஓர் அளவு. மரக்கால் என்பது நெல் அளக்கும் பாத்திரம்; 21 மரக்கால் ஒரு கோட்டை. ஏன் சொல்லிவைத்தாற்போல 20 ஆக இல்லாமல் 21 என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்பதுதான் பதில். நிலத்தைக்கூட ‘இத்தனை கோட்டை விதைப்பாடு’ என்றே சொல்வார்கள். அத்தனை கோட்டை விதை போட்டால் நிரம்பும் வயல் என்று கணக்கு.

அளவுக்கு இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பின்னாளில் விதைக்கோட்டை கட்டுவதைக் கண்ணால் பார்த்தபோதுதான் புரிந்தது. முதலில் வைக்கோலை முறுக்கிப் புரி திரிப்பார்கள். புரிகளைத் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, மேலே வைக்கோலைக் கனமாகப் பரப்பி, நடுவில் காய்ந்த விதைநெல்லைக் கொட்டுவார்கள். ஓரத்து வைக்கோலைத் தூக்கி மடக்கி நெல்லை மூடிவிட்டு, புரியால் சுற்ற ஆரம்பித்தால் அந்தச் சுற்று லேசில் முடியாது. ஒருவர் குதிகாலால் மிதித்து அழுத்த, இன்னொருவர் புரியை இழுத்து இறுக்குவார். கடைசியில் பெரிய பூசணிக்காய் மாதிரி ஒரு பந்து உருண்டு நிற்கும். சாணியைக் கரைத்து அதன்மேல் மெழுகி வெயிலில் போட்டுவிட்டால், அடுத்த விதைப்பு வரை ஒரு பூச்சிகூட உள்ளே நுழையாது. அந்தப் பந்துக்குப் பெயர்தான் கோட்டை. அளவு அதிலிருந்து வந்தது.

இது போதாதென்று ஆச்சியிடம் மூன்றாவதாக ஒரு கோட்டையும் இருந்தது. கோடை இரவுகளில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது, நிலாவைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தால், "நிலா கோட்டை கட்டியிருக்கு" என்பாள். கூடவே, ‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்று ஒரு கணக்கும் வரும். உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகங்களில் ஒளி வளைந்து வருவதால் உண்டாகும் வளையம் அது. புத்தகத் தமிழில் பரிவேடம். தமிழ் அகராதியைத் திறந்தால் கோட்டை என்ற சொல்லுக்கு அரண், நெல் அளவு, வைக்கோற் கட்டு, பரிவேடம் எல்லாமே வரிசையாக இருக்கின்றன. ஆச்சி அகராதியைத் திறந்தவள் அல்ல.

கல் மதில், வைக்கோல் பந்து, நிலா வளையம். மூன்றையும் ஒரே சொல் எப்படிச் சுமக்கிறது? இந்தக் கேள்வி என்னோடு பல வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் ஏற்றுக்கொள்ளும் விடை இது: கோட்டைக்கு வேர் ‘கோடு’. கோடுதல் என்றால் வளைதல். ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி’ என்ற குறளில் வரும் கோடாமை, ஒரு பக்கமாக வளையாமல் இருப்பது. யானைத் தந்தமும் கோடு, மாட்டுக் கொம்பும் கோடு, மரக்கிளையும் கோடு. ஆடு என்பது ஆட்டம் ஆவது போலக் கோடு என்பது கோட்டம் ஆகும். சாடு என்பது சாட்டை ஆவது போலக் கோட்டை ஆகும். வளைந்து சுற்றி வருவது எதுவோ அது கோட்டை. இப்படிப் பார்த்தால் நிலா வளையமும் வைக்கோல் பந்தும் உவமையால் வந்த பெயர்களாகவே இருக்க வேண்டியதில்லை. அவையும் நேர் வாரிசுகளாக இருக்கலாம்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் (முதல் பதிப்பு 1961, திருத்தியது 1984) வளைவைக் குறிக்கும் கோடு ஓர் இடத்திலும், கோட்டை இன்னோர் இடத்திலும் தனித்தனியாக நிற்கின்றன. ஆனால் அவர்களும் கோட்டையின் பக்கத்திலேயே ‘கோடு’ என்று ஒரு சொல்லை, அரண் என்ற பொருளோடு உட்கார வைத்திருக்கிறார்கள். அதையடுத்து மலையாளக் கோட்ட, கன்னடக் கோட்டெ, தெலுங்குக் கோட்ட என்று உறவுக்காரர்கள் வரிசை கட்டுகிறார்கள். ஆக, சொல் திராவிடச் சொல் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. அது வளைவிலிருந்து பிறந்ததா என்பதில்தான் அகராதிக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் வேலை அப்படி. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எனக்குக் கூடுதல் தைரியம் கொடுப்பது இன்னொரு குறள்: ‘அளவளா வில்லாதான் வாழ்க்கை குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று.’ கலந்து பழகத் தெரியாதவன் வாழ்க்கை, கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல என்கிறார். இங்கே கோடு என்றால் குளத்தின் கரை. வெள்ளம் வெளியேயிருந்து வராமல் தடுப்பதற்குக் குளக்கரை கட்டுவதில்லையே; உள்ளே இருக்கும் நீர் போய்விடாமல் இருக்கத்தானே கட்டுகிறோம். கோட்டை என்றதும் நமக்கு வெளியே நிற்கும் எதிரி ஞாபகம் வருகிறான். சொல்லோ உள்ளே இருப்பதைச் சுற்றி ஒரு கை போட்டுக்கொண்டு நிற்கிறது.

வடமொழித் துர்க்கத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். துர்க்கம் என்றால் போவதற்கு அரியது. தாக்க வருகிறவன் படும் பாட்டை வைத்துச் சூட்டிய பெயர். நம் ஊர்ப் பக்கத்தில் தியாகதுருகம் என்ற பெயரில் அது தங்கியிருக்கிறது. கோட்டை என்ற பெயரில் தாக்க வருகிறவனுக்கு இடமே இல்லை.

‘கோட்டம்’ என்ற தங்கைச் சொல்லையும் சொல்லிவிடுகிறேன். கோயிலும் கோட்டம் (காஞ்சிபுரத்தில் குமரகோட்டம்), சிறையும் கோட்டம், நிர்வாகப் பிரிவும் கோட்டம். தொண்டைமண்டலம் 24 கோட்டமாகப் பிரிந்திருந்தது. இதில் கோயில், அறை என்ற பொருளில் வரும் கோட்டம் வடமொழிக் கோஷ்டத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றும் ஒரு காதையே இருக்கிறது. கைதிகளை விடுவித்துவிட்டு அதே சுற்றுக்குள் அறச்சாலை வைக்கிறார்கள். சொல்லை மாற்றவேண்டிய தேவைகூட வரவில்லை, முன்னால் ஒட்டியதை மாற்றினால் போதுமாக இருந்தது. இன்றைக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழுக்கு வரிசையில் நிற்கிறவர், தான் நிற்பது பல்லவர் காலத்துச் சொல்லின் வாசலில் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் பொழுது போகும்.

சரி, வளைவு வளைவு என்கிறாயே, கோட்டையெல்லாம் வட்டமாகவா இருக்கிறது என்று நண்பர் ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்விதான். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரம் வட்டக்கோட்டை இருக்கிறதே என்று பெருமையாகச் சொன்னேன். "போய்ப் பார்த்திருக்கிறீரா?" என்றார். அடுத்த விடுமுறையில் போனேன். செவ்வகம்! 25 அடி உயரக் கருங்கல் சுவர், ஒழுங்கான நாலு மூலை. குளச்சல் போரில் 1741இல் மார்த்தாண்டவர்மாவிடம் சிறைப்பட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் உருவாக்கிய அரண் அது. மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மலை, கீழே சுவரில் மீன் சின்னம். காற்று நன்றாக வந்தது, என் வாதம்தான் பறந்துபோனது.

ஆனால் திரும்பி வரும் பேருந்தில் யோசித்தபோது ஒன்று பட்டது. செவ்வகமாகக் கட்டிய ஒன்றை ஜனங்கள் பார்த்துவிட்டு ‘வட்டக்கோட்டை’ என்று ஏன் சொன்னார்கள்? புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிற எந்தச் சுவரும் அவர்களுக்கு வட்டம்தான் போலிருக்கிறது. செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளை மதிலால் தொடுத்திருப்பதால் அது முக்கோணமாகவே கிடக்கிறது. இருந்தாலும் சுற்றி வந்து முடிச்சுப் போட்டிருக்கிறதா இல்லையா? நண்பரிடம் சொன்னேன். சமாளிப்பு என்றார். இருக்கட்டும்.

சங்கப் பாடல்களுக்குள் போனால் வேறு சொற்கள் ஆட்சி செய்கின்றன. எயில், மதில், அரண், புரிசை, இஞ்சி. (இஞ்சி என்றால் கோட்டை மதில். தொண்டைக்குப் போடும் இஞ்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) புரிசை என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வைக்கோற்புரி கண்ணில் வரும். அது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

புறநானூற்றின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார் கானப்பேரெயிலைக் காட்டுகிறார். இன்றைய காளையார்கோவில்தான் கானப்பேர். நிலத்தின் எல்லையைத் தாண்டிப் பாதாளம்வரை ஆழ்ந்த அகழி. வானத்தைத் தொடுவது போன்ற மதில். அதில் வானத்து மீன் பூத்தது போல ஞாயில்கள் (மறைந்திருந்து அம்பு எய்வதற்கான இடங்கள்). வெயில் நுழைய முடியாத காவற்காடு. ‘அருங்குறும்பு உடுத்த கானப் பேரெயில்’ என்கிறார். சிற்றரண்களை உடுத்திக்கொண்டு நிற்கிறதாம், வேட்டி கட்டியது போல! அப்பேர்ப்பட்டதை உக்கிரப்பெருவழுதி பிடித்துவிடுகிறான். இழந்த வேங்கைமார்பன் நினைத்து வருந்துகிறான்: கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு குடித்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியுமா? என் கோட்டையும் அப்படித்தான். ‘இரும்புஉண் நீரினும் மீட்டற்கு அரிது.’ ஒரு சொட்டு நீர் இரும்பில் விழுந்து ‘சுர்’ என்று காணாமல் போகும் சத்தம் இந்த வரிக்குள் கேட்கும்.

மதிலை நெருங்கிப் பார்க்க வேண்டுமானால் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதைக்குப் போக வேண்டும். இடைச்சி மாதரி கண்ணகியைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழியில் இளங்கோ மதுரை மதிலில் இருக்கும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். தானே வளைந்து அம்பு விடும் வில். கிட்டே வந்தவனைப் பிடித்துக் கடிக்கும் கருங்குரங்கு, ‘கருவிரல் ஊகம்’. கல் வீசும் கவண். கொதிக்கும் நெய். இரும்பு உருக்கும் உலை. நெருங்கி வருகிறவனை மாட்டி இழுக்கத் தூண்டில். மதிலின் விளிம்பைப் பற்றினால் கையில் குத்துகிற ஊசி. கண்ணைப் பார்த்துப் பாய்ந்து கொத்தும் மீன்கொத்தி, அதைச் ‘சென்றெறி சிரல்’ என்கிறார். இத்தனையும் தாண்டி மேலே ஏறிவிட்டால் கிழித்துப் போட ஓர் இயந்திரப் பன்றி.

சின்ன வயதில் இந்தப் பட்டியலை விளையாட்டுச் சாமான் கடை மாதிரி ரசித்திருக்கிறேன். இப்போது படித்தால் இளங்கோ இதை இங்கே கொண்டுவந்து வைத்ததன் காரணம் உறைக்கிறது. குரங்கும் பன்றியும் மீன்கொத்தியும் வெளியே பார்த்துக்கொண்டு நிற்க, அவற்றின் நடுவே, இடைச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊரை எரிக்கப்போகிறவள் அமைதியாக வாசல் கடந்து போகிறாள். ஒரு பொறியும் அசையவில்லை.

சொல் ஊர் விட்டு ஊர் போன கதையும் நன்றாகத்தான் இருக்கிறது. வடமொழியில் ‘கோட்ட’ என்றொரு சொல் அரண் என்ற பொருளில் இருக்கிறது. அது திராவிடத்திலிருந்து கடன் போனதாகவே மொழியியலாளர் பலர் எழுதுகிறார்கள். வடக்கே ராஜ்கோட், பதான்கோட், சியால்கோட் என்று ஊர்ப் பெயர்களில் அது வாலாக ஒட்டிக்கொண்டது. கோட்டையைக் காப்பவன் கோட்டபாலன். அந்தச் சொல் தேய்ந்து, பாரசீகத்துக்குள் போய், ‘கோத்வால்’ என்று நகரக் காவல் அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தது. அங்கிருந்து முகலாயர், நவாபு காலத்து நிர்வாகத்தோடு தெற்கே இறங்கி, சென்னையில் கொத்தவால் சாவடி என்று காய்கறிச் சந்தைக்குப் பெயராக உட்கார்ந்துவிட்டது. கோட்டையாகப் புறப்பட்ட சொல் கொத்தவாலாக வீடு திரும்பியிருக்கிறது. நாமோ அதை அடையாளம் தெரியாமல் கத்தரிக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தோம்.

கடல் தாண்டியும் போயிருக்கிறது. இலங்கையில் அழகக்கோனார் 14ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரண்தான் கோட்டே, இன்றைய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே. மலாய் மொழியில் ‘கோத்தா’ முதலில் கோட்டையாக இருந்து பிறகு நகரமாகவே ஆகிவிட்டது. வடமொழி வழியாகத்தான் அங்கே போயிற்று என்பது பொதுவான கருத்து. மலேசியாவில் கிளந்தான் மாநிலத்தின் தலைநகரம் கோத்தா பாரு. ‘பாரு’ என்றால் புதிது. அதாவது சாட்சாத் நம் புதுக்கோட்டை! பிலிப்பைன்ஸில் கோத்தபாத்தோ என்றால் கற்கோட்டை. கேரளத்துக் கோட்டயம், கோட்டைக்கு அகம், கோட்டைக்கு உள்ளே இருக்கும் ஊர். மதில் சுற்றிய இடத்தையே ஊர் என்று சொல்லிவிடுவது ஆங்கிலத்திலும் நடந்திருக்கிறது. நாம் வாய்க்கு வாய் சொல்லும் ‘டவுன்’, ஜெர்மனில் வேலியைக் குறிக்கும் ‘ட்சவுன்’ என்ற சொல்லின் கூடப்பிறந்தது.

நம் மாநிலத்துக் கோட்டைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பட்டுக்கோட்டை, அருப்புக்கோட்டை, தேவகோட்டை, செங்கோட்டை, நிலக்கோட்டை, பாளையங்கோட்டை. பெயரில் இருக்கும் மதிலை ஊரில் தேடினால் பல இடங்களில் பேருந்து நிலையம்தான் கிடைக்கும். தேவகோட்டைக்கு நடுவில் ‘க்’ போடலாமா கூடாதா என்று சண்டை பிடித்தவர்களை எனக்குத் தெரியும். பழைய ஓலைகளில் ஒகரக் குறிலையும் ஓகார நெடிலையும் இப்போது போல வேறுபடுத்தி எழுதமாட்டார்கள் என்பதால், கோட்டையும் கொட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். புளியங்கொட்டையைக் கோட்டை என்று படித்தவர்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேரோ!

இன்றைக்குச் செய்தித்தாளில் அடைமொழி எதுவும் இல்லாமல் ‘கோட்டை’ என்று போட்டால் ஒன்றே ஒன்றுதான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639இல் இடம் வாங்கி, அடுத்த ஆண்டு குடியேறிய புனித ஜார்ஜ் கோட்டை. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அங்கே இருப்பதால் தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். சுதந்திர நாளில் முதலமைச்சர் அங்கே கொடியேற்றும் வழக்கம் 1974இல் கருணாநிதி காலத்தில் தொடங்கியது. தொல்காப்பியத்துக்காரர் உழிஞைத் திணையில் ‘முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்’ என்றாரே, முற்றுகையிடுவதும் கைப்பற்றுவதும். அது ஐந்து வருடத்துக்கொருமுறை தவறாமல் நடக்கிறது. அந்தக் ‘கோடல்’ வளைவதல்ல, கொள்வது என்பதையும் சொல்லிவைக்கிறேன். இல்லையென்றால் அதே நண்பர் அதற்கும் வருவார்.

பிடிக்கத் தெரியாதவனுக்குத்தான் ‘கோட்டை விட்டுட்டான்’. எங்கள் வீட்டில் இது தினசரிப் பேச்சு. பாலைப் பொங்கவிட்டாலும் கோட்டை விடுதல், பேருந்தைத் தவறவிட்டாலும் கோட்டை விடுதல். ஒரு ராஜ்ஜியத்தையே இழந்தது போல ஆச்சி கையை விரிப்பாள்.

விதைப்பு நாள் வந்ததும் தாத்தா விதைக்கோட்டையை உருட்டிக்கொண்டு போய், கட்டுப் பிரிக்காமல் அப்படியே குளத்தில் ஊறப் போடுவார். "பிரிச்சுப் போட்டா என்ன தாத்தா?" என்று கேட்டதற்கு, "பொறு, அதுவே சொல்லும்" என்றார். மறுநாள் கரையேற்றிப் போட்டோம். சாணி கரைந்து, வைக்கோல் கறுத்து, தொட்டால் உள்ளே கதகதவென்று சூடாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் காலையில் போய்ப் பார்க்கையில் புரிகளின் இடுக்கில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. தாத்தா அரிவாளை எடுத்து முதல் புரியை அறுத்தார்.